இறகுச் சிறகு ஸ்ட்ரீமர் முறுக்கிக்கொள்கிறதே, எந்த முள் வாங்குவது?

கேட்டவர் சொன்னது இவ்வளவுதான். மீன் பிடிக்க, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் வைத்துக் கட்டும் செயற்கை இரை ஃப்ளை. அதில் குட்டிமீன் மாதிரி நீளமாகக் கட்டுவது ஸ்ட்ரீமர். கிரே கோஸ்ட் வகை ஸ்ட்ரீமர் பத்துப் பன்னிரண்டு கட்டிப் பார்த்துவிட்டார். சிறகுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்காமல் கத்தரிக்கோலைத் திறந்தமாதிரி விரிகின்றன. தண்ணீரில் வீசினால் சிறகின் நுனி முள்ளின் வளைவில் போய்ச் சுற்றிக்கொள்கிறது. 4 எக்ஸ் நீள முள் போதுமா, இன்னும் நீளமான 8 எக்ஸ் வாங்க வேண்டுமா, அல்லது கட்டும் நூல்தான் மட்டமா என்று கேட்கிறார்.

நூலை விட்டுவிடுங்கள், அதன்மேல் தப்பில்லை. நீங்கள் ஒரே நோயாக நினைப்பது இரண்டு நோய். சிறகு விரிவது இறகாலும் அதை உட்கார வைக்கும் இடத்தாலும் வருவது. வளைவில் சுற்றிக்கொள்வது முள்ளின் நீளத்துக்கும் சிறகின் நீளத்துக்கும் பொருத்தம் இல்லாததால் வருவது. இரண்டுக்கும் வேர் ஒன்று: பெரும்பாலானவர்கள் முதலில் முள்ளை வாங்கிவிட்டு அப்புறம் அதற்கு இறகு தேடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். கையில் இருக்கும் சேவல் இறகை அளந்துவிட்டு, அதற்கு ஏற்ற முள்ளைத் தேடுங்கள். முள் எந்த நீளத்திலும் கிடைக்கும், நல்ல இறகு அப்படி இல்லை.

ஏன் இப்படி நீளமான முள் என்ற கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தப் பாணி அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ரேஞ்ச்லி ஏரிப் பகுதியில் வளர்ந்தது. அங்கே ப்ரூக் ட்ரவுட்டும், கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழும் சால்மனும் ஸ்மெல்ட் என்ற ஒல்லியான வெள்ளிநிறக் குட்டிமீனைத் துரத்தித் தின்னும். ஸ்ட்ரீமர் அந்தக் குட்டிமீனின் நகல். அங்கே அப்பர் டேம் என்ற இடத்தில் இருந்த கேரி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி, முன்பு பெண்களின் தொப்பி அலங்காரத் தொழில் செய்தவர், 1924 ஜூலை 1 அன்று தானே கட்டிய ஸ்ட்ரீமரில் 6 பவுண்டு 13 அவுன்ஸ் ப்ரூக் ட்ரவுட் ஒன்றைப் பிடித்தார். நம் கணக்கில் 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஃபீல்டு அண்டு ஸ்ட்ரீம் பத்திரிகையின் போட்டியில் அதற்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. அதன்பின் ஆர்டர் குவிந்தது. கிரே கோஸ்ட் அவருடைய கட்டுதான். அவர் வைஸ் என்ற பிடிகருவி இல்லாமல், முள்ளை விரல்களில் பிடித்தே கட்டினார் என்பதை நினைத்துக்கொண்டால் நமக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் தைரியமாகவும் இருக்கும்.

ஒல்லியான மீனின் நகல் என்றால் உடலும் ஒல்லியாக, நீளமாக இருக்க வேண்டும். நீளமான முள் அதற்காகத்தான். அதோடு, மீன் பின்னாலிருந்து வந்து வாலைக் கடித்தாலும் முள்ளின் வளைவு அங்கே இருக்கும். சிறகும் முள்ளின் நேரான பகுதியான தண்டின்மேல் முக்கால் பாகம் படுத்துக் கிடப்பதால் அடியில் ஒரு முட்டு இருக்கும். குட்டைத் தண்டில் நீளச் சிறகு கட்டினால் பாதி இறகு முட்டு இல்லாமல் தொங்கும், ஒவ்வொரு வீச்சிலும் அது வளைவைத் தேடிப் போகும். உங்களுக்கு நடப்பது இதுதான்.

சரி, எண்களுக்கு வருவோம். முள்ளின் எண் ஏற ஏற முள் சிறியது என்பது உங்களுக்குத் தெரியும். எக்ஸ் என்பது தண்டு எவ்வளவு கூடுதல் நீளம் என்பதைச் சொல்கிறது. 8ஆம் எண் 4 எக்ஸ் என்றால், வாய் அகலம், அதாவது தண்டுக்கும் முள்முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளி, 8ஆம் எண்ணுக்கு உரியது, தண்டு மட்டும் சாதாரண 4ஆம் எண் முள்ளின் நீளம். படிக்க அழகான கணக்கு. ஆனால் ஒரு கம்பெனியின் 6 எக்ஸும் இன்னொரு கம்பெனியின் 6 எக்ஸும் பக்கத்தில் வைத்தால் ஒன்றாக இருக்காது. அதனால் எண்ணைப் பார்த்து ஏமாறாமல் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

அளப்பது இப்படி. சேவலின் முதுகிறகு ஒன்றை எடுத்து, அடியில் உள்ள பஞ்சுபோன்ற பகுதியை உருவி எறியுங்கள். மீதி இருப்பதில் நுனியிலிருந்து பின்னோக்கி, அகலம் சீராக இருக்கும் நீளம் எவ்வளவு என்று பாருங்கள். 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரேஞ்ச்லி பாணியில் சிறகு வளைவைத் தாண்டி, முள்ளின் வாய் அகலம் அளவுக்கோ அதற்குக் கொஞ்சம் கூடவோ நீண்டால் போதும். அப்படியென்றால் காதிலிருந்து, அதாவது தூண்டில் நூல் கோக்கும் துளையிலிருந்து, வளைவின் பின்புறம் வரை சுமார் 5 சென்டிமீட்டர் உள்ள முள் உங்களுக்குத் தேவை. அது எந்தக் கம்பெனியில் எந்த எண் என்பது அப்புறம். இதைவிட நீளமாகச் சிறகை விட்டால் அழகாகத்தான் இருக்கும், மீன் இறகை மட்டும் கடித்துவிட்டுப் போகும், அல்லது இறகு சுற்றிக்கொள்ளும்.

கையால் வீசி மீன் பிடிப்பதற்கு என்றால் நான் 4 எக்ஸிலிருந்து 6 எக்ஸ் வரைதான் போவேன். மஸ்டாட் 79580, டாய்ச்சி 2220 இரண்டும் 4 எக்ஸ். மஸ்டாட் 3665ஏ, மஸ்டாட் 9575, டீம்கோ 300, டாய்ச்சி 2340 எல்லாம் 6 எக்ஸ். படகில் இழுத்துக்கொண்டு போகும் ட்ரோலிங்குக்கு மஸ்டாட் 94720 மாதிரி 8 எக்ஸ். பார்ட்ரிட்ஜ் சிஎஸ்15 என்பது கேரி ஸ்டீவன்ஸ் பெயரிலேயே வந்த 10 எக்ஸ் முள். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்க அதைவிட அழகான முள் எனக்குத் தெரியாது. இவற்றில் பழைய எண்கள் சில சந்தையில் கிடைக்காமலும் போகலாம், அதே நீளத்தில் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் 10 எக்ஸில் கட்டிவிடலாமே என்று தோன்றும். கூடாது. நீளத் தண்டு மீனுக்கு ஒரு நெம்புகோல். மீன் தலையை உலுக்கும்போது நீண்ட கம்பி அதன் வாயில் திருகித் துளையைப் பெரிதாக்குகிறது, முள் கழன்றுவிடுகிறது. ட்ரோலிங்கில் படகு இழுத்துக்கொண்டே இருப்பதால் தூண்டில் நூல் தளராது, இது அவ்வளவாகத் தெரியாது. கரையில் நின்று பிடிக்கும்போது ஒரு நொடி நூல் தளர்ந்தாலும் மீன் போய்விடும். உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில்: 8 எக்ஸ் வேண்டாம். 6 எக்ஸில் 4ஆம் எண் ஒரு பாக்கெட், 8ஆம் எண் ஒரு பாக்கெட். பெரிய இறகு 4ஆம் எண்ணுக்கு, சிறிய இறகு 8ஆம் எண்ணுக்கு.

நீளத்துக்கு அடுத்து நான் பார்ப்பது காது. ஸ்ட்ரீமருக்கு வளையக் காது உள்ள முள் ஒரு வரம். அதில் கம்பி காதாக வளைந்து, மறுபடி தண்டின் பக்கமாகவே கொஞ்ச தூரம் திரும்பி வரும். மஸ்டாட் 9575, டாய்ச்சி 2370 இந்த வகை. இரட்டைக் கம்பி பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதால் சிறகை உட்கார வைக்கத் தட்டையான திண்ணை கிடைக்கிறது. உருண்டைக் கம்பியில் இறகு உருண்டுகொண்டே இருக்கும், தட்டையில் உருளாது. சாதாரணக் காது உள்ள முள்ளில் இந்தத் திண்ணையை நீங்கள் நூலாலேயே உண்டாக்க வேண்டும்.

வளைவின் வடிவத்தைப் பற்றி நிறையச் சண்டை நடக்கும். லிமெரிக் வளைவு பின்னால் கூர்மையாக ஒடிந்ததுபோல இருக்கும், பழைய ஸ்ட்ரீமர்களுக்கு அந்தத் தோற்றம்தான் பொருத்தம். வட்ட வளைவு பிடிமானத்துக்கு நல்லது என்பார்கள். என்னைக் கேட்டால் அழகு விஷயம், விட்டுவிடுங்கள். கம்பியின் உறுதி அப்படி விடக்கூடியது இல்லை. ஒருமுறை மலிவாகக் கிடைக்கிறதே என்று நூறு நீள முட்களை வாங்கினேன். ஒரு வாரம் உட்கார்ந்து கட்டிய ஃப்ளையை நடுத்தர மீன் ஒன்று நிமிர்த்தி ஊசியாக்கிவிட்டுப் போனது. இப்போதெல்லாம் கட்டுவதற்கு முன் முள்ளை வைஸில் பிடித்து, காதுப் பக்கம் விரலால் கீழே அழுத்தி விடுகிறேன். டிங் என்று பழைய இடத்துக்கு வந்தால் சரி. வளைந்தபடியே நின்றாலும், ஒடிந்தாலும் குப்பைக்கு.

இனி இறகு. உங்கள் சிறகு விரிவதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். ட்ரை ஃப்ளைக்காக, அதாவது தண்ணீர்மேல் மிதக்கும் ஃப்ளைக்காக, வளர்க்கப்படும் சேவலின் விலையுயர்ந்த இறகு ஸ்ட்ரீமருக்கு ஆகாது. அது ஒடுக்கம், விறைப்பு, இழைகள் குட்டை. நமக்கு வேண்டியது அகலமான, மென்மையான, நடுவில் பஞ்சுத்தன்மை கொஞ்சம் நுனிவரை ஓடும் இறகு. தண்ணீரில் நனைந்தால் அது ஒன்றோடொன்று ஒட்டி மீனின் முதுகாக மாறும். ஆகவே இங்கே மலிவு சரக்கே நல்ல சரக்கு.

கோழியின் இடப்பக்க இறகு ஒரு பக்கம் வளையும், வலப்பக்க இறகு அதற்கு எதிர்ப்பக்கம் வளையும். நூலில் கோத்து விற்கும் கட்டில் இரண்டும் கலந்து கிடக்கும். ஒரு தாளில் கொட்டி, இறகின் நடுத்தண்டான ஈர்க்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஈர்க்கு முறுக்கிக்கொண்டு திருகலாக இருப்பவை மூன்றாவது குவியல், அவை சிறகுக்கு வேண்டாம். இந்தப் பிரிப்புக்கு அரை மணி நேரம் ஆகும், சலிப்பாக இருக்கும். ஆனால் கட்டும்போது நீங்கள் படும் பாட்டில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். வளைந்து கசங்கிய இறகுகளைக் கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் சில நொடி காட்டினால் நிமிர்ந்துவிடும், விரலைச் சுட்டுக்கொள்ளாமல் இடுக்கியில் பிடியுங்கள்.

கிரே கோஸ்ட்டுக்கு நான்கு சாம்பல் இறகு, பக்கத்துக்கு இரண்டு. இரண்டின் பளபளப்பான முகமும் வெளியே, மங்கலான முகம் உள்ளே. நுனிகள் சமமாக இருக்க வேண்டும், அடி எப்படியிருந்தாலும் பரவாயில்லை.

பலர் தவறவிடும் ஒன்று: கேரி ஸ்டீவன்ஸ் சிறகைத் தனித்தனியாகக் கட்டவில்லை. இரண்டு சாம்பல் இறகு, அதன்மேல் தோளாக சில்வர் ஃபெசன்ட் என்ற பறவையின் கறுப்பு வெள்ளை உடல் இறகு, அதன்மேல் கன்னமாகக் காட்டுக்கோழியின் கழுத்திறகு. இவற்றை ஈர்க்கின் அடியில் ஒரு சொட்டு வார்னிஷ் வைத்து ஒட்டி, ஒரு பக்கச் சிறகை ஒரே துண்டாகக் காயவைத்து, பிறகுதான் முள்ளில் கட்டினார். வலம் இடம் இரண்டையும் முந்தின நாளே ஒட்டி வையுங்கள். மறுநாள் கட்டும்போது ஏழெட்டு இறகோடு மல்லுக்கட்ட வேண்டாம், இரண்டு துண்டுதான். வார்னிஷ் மட்டும் ஒரு குண்டூசித் தலை அளவுக்கு மேல் வேண்டாம். அதிகமானால் இழைகளுக்குள் ஊறிப் போய்ச் சிறகு அட்டையாகிவிடும்.

அந்தக் காட்டுக்கோழியைப் பற்றி ஒரு சொல். கண்ணைப்போல் பளபளக்கும் அந்த மெழுகுப்பொட்டு உள்ள இறகு நம் தீபகற்பத்தின் சாம்பல் காட்டுக்கோழியினுடையது. காட்டில் இருப்பதை வேட்டையாடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உலகத்தில் விற்பனையாவது வெளிநாடுகளில் கூண்டில் வளர்த்த பறவையின் இறகு. எனக்கு அது இல்லாமலே கட்டப் பழகியிருக்கிறது. கறுப்புக் கழுத்திறகின் நுனியில் வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்தால் போதும். மீன் சரிபார்த்துவிட்டுக் கடிப்பதில்லை.

கட்டும் வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உடல் பகுதி உங்களுக்கு வந்துவிட்டது. முள்ளின் பின்முனையில் தட்டை வெள்ளி ஜரிகையில் ஒரு சின்ன வளையம், பிறகு ஆரஞ்சுப் பட்டு இழையால் மெல்லிய உடல், அதன்மேல் வெள்ளி ஜரிகை சுழல். அடியில் வெள்ளை நூல் போட்டுக்கொள்ளுங்கள். கறுப்பு நூல் போட்டால், நனைந்தபின் ஆரஞ்சு அழுக்குச் செங்கல் நிறமாகத் தெரியும். கீழே தொண்டையில் வெள்ளை மான்வால் முடி கொஞ்சம், நாலைந்து மயில்தோகை இழை, கோல்டன் ஃபெசன்ட்டின் கொண்டை இறகு ஒன்று மேல்நோக்கி வளைந்தபடி. சிறகுக்கு அடியில் இன்னொரு கொண்டை இறகு கீழ்நோக்கி வளைந்தபடி. மயில்தோகை மேலேயா கீழேயா என்பதில் கட்டுபவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கொண்டை இறகு திருகிக்கொண்டால், ஈரப்படுத்தி வேண்டிய வளைவில் ஒரு கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டில் ஒட்டிக் காயவிடுங்கள்.

இப்போது சிறகு. மெதுவாகப் போவோம்.

முதலில் திண்ணை. உடல் முடியும் இடத்திலிருந்து காது வரை படி இருக்கக் கூடாது, சரிவு இருக்க வேண்டும். பட்டு உடல் தடிப்பாக முடிந்து, தலைப் பகுதி சட்டென்று இறங்கினால், இறகை அந்தப் பள்ளத்தில் அழுத்தும்போது உடலின் விளிம்பு இறகை வெளியே தள்ளுகிறது. கத்தரிக்கோல் மாதிரி விரிகிறது என்கிறீர்களே, அதன் இன்னொரு காரணம் இது. நூலை இடமாகச் சுழற்றி முறுக்குப் பிரித்து, நாடாபோல் தட்டையாக்கி, அந்தப் பள்ளத்தை நிரப்பி, நகத்தால் தடவினால் தட்டுப்படாத சரிவாக்குங்கள். முன்னால் காதுக்குப் பின் கொஞ்சம் கம்பி வெறுமையாக இருக்கட்டும். ஸ்ட்ரீமரின் தலை நீளமாக இருந்தால்தான் அழகு, காதை மூடித் தலை கட்டுவது எல்லாரும் செய்யும் தப்பு.

அடுத்து, சிறகு எங்கே உட்கார வேண்டும்? தண்டின் உச்சியில் கூரைபோல நிற்கக் கூடாது. தண்டின் இரு பக்கமும் ஒட்டி, உடலின் மேல்பாதியைக் கொஞ்சம் மறைத்துக்கொண்டு படுக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஆரஞ்சு உடல் கீழே ஒரு கோடாக மட்டும் தெரியும். மீனின் வயிறு மாதிரி.

ஈர்க்கில் கட்டும் இடத்தை மட்டும் இழை உருவி, தட்டை மூக்கு இடுக்கியால் மெல்ல அமுக்கித் தட்டையாக்குங்கள். உருவும்போது அடியில் ஒன்றிரண்டு குட்டை இழைகளை விட்டுவைத்தால் நூலுக்குப் பிடிமானம் கிடைக்கும். வலக்கைக்காரராக இருந்தால் நூல் உங்கள் பக்கமிருந்து மேலேறி, எதிர்ப்பக்கம் இறங்கும். அதனால் இறுக்கும்போது உங்கள் பக்கச் சிறகு மேலே ஏறும், எதிர்ப்பக்கச் சிறகு கீழே இறங்கும். நூலோடு சண்டை போடாதீர்கள், அதை எதிர்பார்த்து வையுங்கள். உங்கள் பக்கச் சிறகை வேண்டிய இடத்தைவிட ஒரு மயிரிழை கீழே, எதிர்ப்பக்கத்தை ஒரு மயிரிழை மேலே. இரண்டு தளர்ந்த சுற்று, விரலால் அமுக்கிப் பிடித்தபடியே மூன்றாவது சுற்றில் இறுக்கம். அப்போது இரண்டும் சரியான இடத்துக்கு வந்து உட்காரும். முதல் சுற்றிலேயே இறுக்கினால் ஈர்க்கு திரும்பிவிடும், திரும்பிய ஈர்க்கைப் பிடித்து இழுத்துச் சரிசெய்வது வீண் வேலை. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். சரியாக உட்கார்ந்த பிறகு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஈர்க்கைப் பின்னோக்கி மடித்து அதன்மேல் இரண்டு சுற்றுப் போட்டு வெட்டினால் பிறகு இழுத்தாலும் வராது.

தலைக்கு மெல்லிய வார்னிஷ் மூன்று நான்கு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின். கேரி ஸ்டீவன்ஸின் கறுப்புத் தலையில் ஒரு ஆரஞ்சுக் கோடு இருக்கும், அது அவருடைய கையெழுத்து மாதிரி. விருப்பமிருந்தால் நீங்களும் போடலாம்.

இவ்வளவு செய்தும் சுற்றிக்கொண்டால்? இரண்டு வேறு வழி உண்டு. நியூசிலாந்தில் பிறந்த மடுகா பாணியில் சிறகின் கீழ்ப்பக்க இழைகளை உடல் நீளத்துக்கு உருவிவிட்டு, சிறகைத் தண்டின்மேல் நிமிர்த்தி நிறுத்தி, ஜரிகைச் சுழலையே அதன் இழைகளுக்கு நடுவே கொண்டுபோய் உடலோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். இறகு சுற்றிக்கொள்ள இடமே இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஈர விரலால் இழைகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும், பொறுமை வேண்டும். மற்றொன்று, லெஃப்டி க்ரே உருவாக்கிய டிசீவர் வழி: இறகுகளைக் காதுப் பக்கம் கட்டாமல் வளைவுக்கு முன் வாலாகக் கட்டுவது. வளைவுக்கு முன் இறகே தொங்காததால் அது அதிகம் சிக்காது, குட்டைத் தண்டு முள்ளும் போதும். கிரே கோஸ்ட்டின் அழகு இரண்டிலும் கிடைக்காது, மீன் கிடைக்கும்.

கட்டி முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, தூண்டில் நூலைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நிமிர்ந்து நேராக வர வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் ஒரு பக்கச் சிறகு உயரமாக உட்கார்ந்திருக்கிறது. அப்படியே சுழன்றால் ஈர்க்கு திரும்பியிருக்கிறது. சாய்ந்தது மீன் பிடிக்கும், தூக்கிப் போடாதீர்கள். சுழன்றது நூலை முறுக்கிவிடும், அதன் முள்ளை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்: பிளேடால் தலையை வெட்டி, உடலை உரித்து, மறுபடி வைஸில் வையுங்கள்.